சோடியம் குறைந்த உப்பு

மாமனார் செங்கோட்டையனால் கட்டிலை விட்டு எழ முடியவில்லை என்றதும் லோகப்பிரியா அவர் கட்டிலருகே விரைந்தாள். வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்கிற மனிதர். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயமே நின்றுபோகும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். அதற்குப் பயந்து அந்த வீட்டில் காய்கறியைக்கூட வேகவைத்துத் தண்ணீரை வடித்துத்தான் தாளிப்பார்கள்.

"காலு ரெண்டும் மரக்கட்டையாட்டக் கெடக்குதுங்கறார்," என்றாள் மாமியார் செல்லாத்தாள். "சக்கையத் தின்னா யாருக்குத் தெம்பு வரும் கண்ணு?"

"அவளை ஏன் சொல்றே? இந்த வாரந்தான் கொழம்புல உப்புன்னு ஒண்ணு தெரிஞ்சுது," என்றார் அவர். குரல் கம்மியிருந்தது.

லோகப்பிரியா சமையலறைக்கு ஓடினாள். துடியலூர்க் கடையில் அவளே தேடி வாங்கிய உப்பு. முன்பக்கம் 'சோடியம் குறைவு' என்று பெரிதாக இருந்ததால், ரத்தக்கொதிப்புக்கு நல்லதென்று கொஞ்சம் தாராளமாகவே போட்டு வந்தாள். இப்போது பாக்கெட்டைத் திருப்பினாள். பொடி எழுத்தில் பொட்டாசியம் குளோரைடு. சோடியத்தை எடுத்த இடத்தில் அதைத்தான் நிரப்பியிருந்தார்கள். பாக்கெட்டைக் கைப்பையில் திணித்துக்கொண்டாள்.

அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மருமகள் உப்பைப் போட்டே கொன்றுவிட்டாள் என்று சாதிசனம் பேசுவது இப்போதே காதில் விழுந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "என்ன சாப்பிட்டார்?" என்றார்.

"எல்லாம் பத்தியச் சோறுதானுங்க," என்றாள் செல்லாத்தாள்.

மாமனாரின் கண்கள் செருகுவதைப் பார்த்ததும் லோகப்பிரியா பாக்கெட்டை எடுத்து நீட்டிவிட்டாள். "நாந்தானுங்க, தெரியாமப் போட்டுப்போட்டேன்."

டாக்டரம்மா திட்டவில்லை, ஈசிஜி எடுக்கச் சொன்னார். பொட்டாசியம் ஏறியதற்கு அடையாளமாகக் கோடுகள் கூடாரம்போலக் கூர்கூராக நின்றன. நரம்பில் கால்சியம் மெல்ல ஏறியது. "இது பொட்டாசியத்தைக் குறைக்காது. இதயத்தைக் கொஞ்ச நேரம் காக்கும். அதுக்குள்ள டயாலிசிஸ் மெஷின்ல போடணும்."

லோகப்பிரியா ஈசிஜி திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. மாமியார் பக்கம் திரும்பப் பயமாக இருந்தது. கூர்முனைகள் மெல்ல மெல்ல மழுங்கின.

"ஏனுங்க டாக்டர்," என்றார் செங்கோட்டையன் ஈனக்குரலில், "இனி கொழம்புல உப்பே கெடையாதுங்களா?"

"பேசாமப் படுங்க," என்று அதட்டினாள் செல்லாத்தாள். டயாலிசிஸ் அறைக்குக் கட்டிலைத் தள்ளிப் போனார்கள். மருமகளின் மணிக்கட்டை அவள் இறுகப் பற்றினாள். அது கோபமா பயமா என்று தெரியவில்லை. லோகப்பிரியா கையை இழுத்துக்கொள்ளவில்லை.