ஜெல்லூல் வீட்டில் ராய்ப் பாட்டு

திலிம்சான் நகரில் நூபா என்ற பழைய சங்கீதத்தை வாசிக்கிறவர்களுக்குத் தலைக்கனம் கொஞ்சம் உண்டு. ஜெல்லூலுக்கு அது கூடுதலாகவே உண்டு. வயலினை முழங்கால் மேல் நிறுத்தித்தான் வாசிக்க வேண்டும், காலை நூபாவை மாலையில் தொடக்கூடாது என்று அதற்கு ஆயிரம் விதி. ஓரான் பக்கத்து ராய்ப் பாட்டு காதில் விழுந்தாலே மனிதர் முகம் சுளிப்பார். குடியையும் கள்ளக் காதலையும் பாடுகிற அதை, மானமுள்ள பெண் யாரும் அப்பன் முன்னாலோ புருஷன் முன்னாலோ கேட்க மாட்டாள். அது ஊர் வழக்கம். ஆனால் அவர் கட்டிக்கொண்டதோ ஓரான்காரியை!

அந்த மனைவி சுலைகா ராய் பற்றி அவரிடம் வாய் திறந்ததே இல்லை. இப்போது படுத்த படுக்கையாகிவிட்டாள்; மருத்துவரும் கையை விரித்துவிட்டார். அந்தி சாய்ந்ததும் ஜெல்லூல் கட்டிலோரம் உட்கார்ந்து மாலை நூபாவை வாசிப்பார். அவள் கண்ணை மூடிக்கொள்வாள். உருகுகிறாள் என்று நினைத்துக்கொண்டார், பாவம்.

ஒரு நாள் அவர் வாசிக்கும் இசைச் சங்கத்தில் ஒத்திகை நடக்கவில்லை. சீக்கிரமே திரும்பியவருக்குச் சந்து முனையிலேயே ராய் கேட்டது. தன் வீட்டிலிருந்துதான். கூடவே சுலைகாவின் சிரிப்பு. அவள் படுத்த பிறகு அவர் கேட்டறியாத சிரிப்பு அது. ஜன்னலில் பக்கத்து வீட்டுக் கைராவின் தலை தெரிந்து மறைந்தது. பாட்டு நின்றது. சிரிப்பும் நின்றுபோனது.

உள்ளே சுலைகா கழுத்துவரை போர்த்திக்கொண்டு கிடந்தாள். நழுவப் பார்த்த கைராவை அவர் வாசலில் மறித்து, இது எத்தனை நாளாக நடக்கிறது என்று கேட்டார். கைராவுக்கு ஒளிக்கத் தெரியாது.

"எப்பவுமேதான். நீங்க வாசிக்கும்போது கண்ண மூடிக்கறாளே, ஏன்னு நெனச்சீங்க? எப்படா முடியும்னுதான். உங்க மனசு நோகக் கூடாதேன்னு பொறுத்துக்கிட்டுக் கெடக்கா."

கோபப்படக்கூட அவருக்குத் தெம்பில்லை. ஒரு ஆயுள் முழுக்க அருமை என்று நினைத்து ஊட்டியதெல்லாம் அவளுக்குத் தொண்டையில் இறங்கவே இல்லையா? அன்றிரவு முழுக்கப் புரண்டுகொண்டே கிடந்தார்.

மறுநாள் அந்தியில் வயலினைத் தொடவில்லை. அவளுடைய ராய்க் கேசட்டைத் தேடி எடுத்து, அவரே போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். சுலைகா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அத நிறுத்துங்க."

"கேளு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"நீங்க சொல்ல மாட்டீங்க. எனக்குத்தான் கூசுது. இத்தன வருஷம் கழிச்சு, இனிமேலா பழகப் போறேன்?"

"நான் இருந்தா உனக்குச் சிரிப்பே வராதா, சுலைகா?"

அவள் கையை நீட்டி அவர் கையைத் தடவிக் கொடுத்தாள். "நல்ல மனுஷன்தான் நீங்க. கொஞ்ச நேரம் காபிக் கடைக்குப் போய்ட்டு வாங்களேன்."

இருக்கப்போகிற கொஞ்ச நாளையாவது அவள் பக்கத்திலேயே கழிக்க வேண்டும் என்று ஏங்கியவர் அவர். அவள் கேட்டதோ இது ஒன்றைத்தான். எழுந்து முற்றத்துக்கு வந்தார். தெருக்கதவைத் திறந்து, கேட்கும்படி ஓங்கிச் சாத்திவிட்டு, வெளியே போகாமல் அங்கேயே சுவரோரம் தரையில் உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரத்தில் பாட்டு கேட்டது. பிறகு அவளும் சேர்ந்து பாடினாள். மூச்சு வாங்க, சுருதி எங்கேயோ போக, நடுநடுவே சிரித்துக்கொண்டு. ஜெல்லூலுக்குக் கண் நிறைந்துவிட்டது.

சூப்புக் கிண்ணத்தோடு வந்த கைரா, அவரைப் பார்த்துத் திகைத்து நின்றாள். இங்கே என்ன செய்கிறீர்கள் என்று கேட்க வாயெடுத்தவளை அவர் கையமர்த்தினார்.

"உள்ள போ. நான் இங்க இருக்கேன்னு மட்டும் சொல்லிடாத. நிறுத்திடுவா."