இரண்டு மாநிலத்து மாத்திரைகள்

முதல் ஷிப்ட் முடிந்து பாகலூர் ரோட்டில் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி வந்த செல்லியை, நாத்தனார் நாகம்மா வாசலிலேயே மறித்துக்கொண்டாள். வாய்மேல் விரல் வைத்து, "சத்தம் போடாத. ஒம்போது நாளுக்கப்புறம் இப்பதான் அசந்து தூங்கறான்" என்றாள். அவள் முகத்தில் அப்படியொரு பெருமிதம்.

பெருமிதத்துக்குக் காரணம் இருந்தது. லாரியில் தகடு இறக்கும்போது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, மாவுக்கட்டோடு கிடந்தான் செல்லியின் புருஷன் திம்மப்பன். ஓசூர் டாக்டர் சிவப்புக் கேப்சூல் எழுதிக்கொடுத்திருந்தார். வலி போதுமான அளவுக்குக் குறையவில்லை. தம்பியைப் பார்க்க வந்த நாகம்மா சும்மா வரவில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம், அவள் வாழ்க்கைப்பட்ட ஊரில் கைராசிக்காரர் என்று பெயரெடுத்த டாக்டரிடம் சொல்லி, நீலக் கேப்சூல் வாங்கி வந்திருந்தாள். கர்நாடகத்து மருந்துக்கு இருக்கிற வீரியம் இங்கே எதற்கும் கிடையாது என்பது அவள் கட்சி. திம்மப்பன் பாவம், யார் மனமும் கோணக்கூடாதென்று நினைக்கிற ஜன்மம். பெண்டாட்டி வாங்கித் தந்ததில் ஒன்று, அக்கா கொண்டுவந்ததில் ஒன்று என்று வேளைக்கு இரண்டாக விழுங்கிவந்தான். செல்லியும் வேறு வேறு மருந்துதானே என்று இருந்துவிட்டாள்.

உள்ளே போய்ப் பார்த்தாள். தூங்குகிறவன் முகமாக அது இல்லை. உதடு வெளிறி, ஓரத்தில் நீலம் பாய்ந்திருந்தது. அவள் மூன்று மூச்சு விட்ட பிறகுதான் அவன் ஒன்று இழுத்தான். தோளைப் பிடித்து உலுக்கினாள். இமை பாதி திறந்து மூடிக்கொண்டது.

"வுடு புள்ள, தூங்கட்டும். எழுந்தா மறுபடி வலிதான்" என்றாள் நாகம்மா.

செல்லி ஜன்னலில் கிடந்த இரண்டு மாத்திரை அட்டைகளையும் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். மூன்றாவது வரை தெலுங்கில் படித்தவள் அவள். இங்கிலீஷ் எழுத்துக்கு ஓசை தெரியாது, உருவம் தெரியும். எட்டு வருஷமாகக் கம்பெனியில் அவளுக்கு அதுதான் வேலை. உதிரிபாகத்தில் பொறித்த எழுத்தும் எண்ணும் கார்டில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கவேண்டும். ஒரு எழுத்து பிசகினாலும் தனியே எடுத்து வைத்துவிடுவாள். அவள் கண்ணுக்குத் தப்பிய சரக்கு வெளியே போனதில்லை என்று சூப்பர்வைசரே சொல்வார்.

மேலே கொட்டை எழுத்தில் இருந்த பெயர்கள் வேறு வேறு. கீழே பொடி எழுத்தில் இரண்டு வரிகள். கட்டைவிரல் நகத்தை ஒவ்வொரு எழுத்தாக நகர்த்திக்கொண்டே போனாள். முதல் வரி ஒன்றேதான். இரண்டாவது வரியும் ஒன்றேதான். பக்கத்தில் இருந்த எண்களும் அப்படியே.

"அக்கா, மேல பேருதான் வேற. ரெண்டும் ஒரே மருந்து."

"உனுக்கு இங்கிலீஷ் தெரியுமா? அந்த ஊரு மருந்து வேற, இந்த ஊரு மருந்து வேற."

"படிக்கத் தெரியாது. ஒண்ணா இல்லியான்னு சொல்லத் தெரியும்" என்றவள், அட்டைகளை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினாள்.

ஊர்க்கோடிவரை போன கம்பெனி பஸ் திரும்பி வந்துகொண்டிருந்தது. செல்லி நட்டநடு ரோட்டில் கையை விரித்து நின்றாள். டிரைவர் சென்னகிருஷ்ணன் பிரேக்கை மிதித்துவிட்டுத் திட்ட வாயெடுத்தார். "என் வேல போனா போவட்டும்ணா. என் புருசன் மூச்சு நிக்கிது" என்றாள். அவர் வண்டியை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து நிறுத்தினார். மாவுக்கட்டுக் காலைத் தானே ஏந்தித் திம்மப்பனை ஏற்றினார். நாகம்மாவும் பின்னாலேயே ஏறிக்கொண்டாள்.

ஓசூரில், வழியில் தென்பட்ட முதல் நர்ஸிங் ஹோமிலேயே வண்டி நின்றது. உள்ளே டாக்டர் கேட்பதற்கு முன்பே செல்லி இரண்டு அட்டைகளையும் நீட்டினாள்.

"ரெண்டும் ஒண்ணுதான சார்?"

அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். "ஆமாம்மா. ஒரே மருந்துதான். யார் சொன்னது?"

"யாரும் சொல்லல. நானே பாத்தேன்."

எட்டு வருஷத்தில் எத்தனையோ சரக்கைச் சரிபார்த்திருக்கிறாள். சொல்லும்போது குரல் இப்படி நிமிர்ந்து நின்றதில்லை.

"குடி ஏதாவது?" என்று கேட்டார் டாக்டர்.

நாகம்மா தலை கவிழ்ந்தாள். "நல்லா தூங்கட்டும்னு... அரை கிளாசு சாராயம், மத்தியானம்."

"இதுல வலி மருந்தும் இருக்கு, காய்ச்சல் மருந்தும் இருக்கு. அளவா தின்னா ஒத்தாசை. ரெட்டிச்சா ஒண்ணு மூச்சை அமுக்கும், இன்னொண்ணு ஈரலைக் கெடுக்கும். அதுமேல சாராயம் வேற! புது டாக்டர்கிட்ட போனா, ஏற்கெனவே திங்கறதைக் காட்டணும்மா" என்றபடியே அவர் ஆக்ஸிஜன் வைத்து, நரம்பில் ஊசி போட்டார். "மருந்தை முறிக்கிற இந்த ஊசி வேகம் தீர்ந்தா மறுபடி மயங்கலாம். நாளைவரைக்கும் இங்கேயே இருக்கணும். ரத்தமும் பாக்கணும்."

செல்லி அவன் நெஞ்சுமேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள். கை மெல்ல ஏறியது, இறங்கியது. அப்புறம் சட்டென்று வேகமாக ஏறியது. திம்மப்பன் கண்ணைத் திறந்தான். எங்கிருக்கிறோம் என்று விழித்தான். அடுத்த நொடியே கட்டிடம் அதிர, "ஐயோ! காலு! காலு போச்சே! எவன்டா கட்டைய போட்டு இடிச்சது!" என்று அலறினான்.

நர்ஸ் ஓடிவந்தாள். பக்கத்து அறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். கம்பெனி நீலக் கோட்டைக்கூடக் கழற்றாத ஒரு பெண், கன்னமெல்லாம் கண்ணீர் வழிய, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"கத்துய்யா, நல்லா கத்து" என்றாள்.