கூட்டிச் சொன்ன ஒரு வயது

"அம்மா, கடலப் புடிச்சி ஜெயில்ல போட மாட்டாங்களா?"

சுவேதா இதைக் கேட்டபோது அவளுக்கு நான்கு வயது. சுனாமி வந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே இருக்கும் அவர்களுடைய குப்பம் முழுவதும் ஒரு கல்யாண மண்டபத்தில் படுத்துக்கிடந்தது. வசுமதி மகளின் தலையை மடியில் இழுத்துக்கொண்டாள். பக்கத்தில் ஏழு மாத வயிற்றோடு சுவரில் சாய்ந்திருந்த எல்லம்மாள்தான் பதில் சொன்னாள். அவள் புருஷனின் உடல்கூட அதுவரை கிடைக்கவில்லை. "அத உள்ள போட்டுட்டா, பொறக்கப் போற புள்ள இன்னாத்தத் துன்னும் கண்ணு?" என்றாள். குரலில் கோபம் இல்லை. அரிசி தீர்ந்துவிட்டது என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

பதினேழு வருடம் கழித்து, செங்கல்பட்டிலிருந்து வந்த வக்கீல் சியாமளா, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மணலில் நடந்து வந்து வாசலில் நின்றபோது, வசுமதிக்கு அந்தப் பதில்தான் முதலில் நினைவுக்கு வந்தது.

எல்லம்மாளின் வயிற்றில் இருந்த பிள்ளை தேவா. அவனுக்கு ஒன்பது வயதாகும்போது அவள் காய்ச்சலில் போய்விட்டாள். அதன் பிறகு அவன் குப்பத்தில் யார் வீட்டில் உலை கொதிக்கிறதோ அங்கே சாப்பிட்டு வளர்ந்தான். இரண்டு வருடமாக வசுமதியின் புருஷன் ஜம்புலிங்கத்தின் படகில் கூட ஆளாகப் போய்க்கொண்டிருந்தான். ஜூன் மாதம் மீன்பிடித் தடை நீங்கி இரண்டு வாரம்கூட ஆகவில்லை. தேவா வலையைப் பாறையில் மாட்ட விட்டுவிட்டான். புது வலை. கரைக்கு வந்ததும் ஏலத்துக்கு நின்றிருந்த அத்தனை பேர் முன்னால் ஜம்புலிங்கம், "ஒங்கொப்பன முழுங்குன கடலு ஒன்ன ஏன்டா வுட்டு வெச்சிது?" என்று கேட்டுவிட்டார். தேவா துடுப்பை எடுத்தான். முதல் அடி அவர் தலையில் விழுந்தது. அடுத்த அடியைத் தடுக்கத் தூக்கிய வலது கை முழங்கையில் நொறுங்கியது.

"பள்ளிக்கூட சர்டிபிகேட்படி பையனுக்குப் பதினெட்டு முடிஞ்சி ஒரு மாசம் ஆகுது" என்றாள் சியாமளா. தேவாவுக்காக அரசு அமர்த்திய இலவச வக்கீல் அவள். "அதனால பெரியவங்களோட சேத்து வெச்சிருக்காங்க. கொலை முயற்சி வழக்கு. பத்து வருஷம்கூட ஆகலாம். அவன் என்னடான்னா மாசி மகத்தன்னிக்குப் பொறந்தேன்னு எங்கம்மா சொல்லும்ங்கறான். சுனாமிக்கு அப்பறம்தானாம், ஆனா அதுக்குக் காகிதம் இல்ல. உங்ககிட்ட வந்து கேக்கறது நியாயம் இல்லம்மா. ஊர்ல வேற யாரும் கோர்ட்டுக்கு வந்து சொல்ல மாட்டேங்கறாங்க."

உள்ளே கட்டுப்போட்ட கையோடு படுத்திருந்த ஜம்புலிங்கம் குரல் கொடுத்தார். "அடிச்சப்ப அது சின்னப் பையன் அடியாவா இருந்திச்சி? அத கேளு வக்கீலம்மாவ."

வசுமதி, "எனக்கு நெனப்பில்லம்மா" என்றாள். வக்கீலுக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். சியாமளா குடித்துவிட்டுத் தன் போன் நம்பரை எழுதிக் கொடுத்துப் போனாள்.

நினைவில்லாமல் என்ன. சுனாமிக்கு அடுத்த மாசி மகம். குப்பத்தில் பாதிப் பேர் பால் குடத்தோடு கடலுக்குப் போனார்கள். பாதிப் பேர் கடல் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று சர்க்கார் போட்டுக் கொடுத்த தகரக் கொட்டகையிலேயே இருந்துவிட்டார்கள். எல்லம்மாளுக்கு வலி எடுத்தது அப்போதுதான். நர்ஸம்மா வந்து சேர்வதற்குள் பிள்ளை வந்துவிட்டது. வலை பின்னும் நூலைக் கொதிக்கும் நீரில் போட்டெடுத்துத் தொப்புள்கொடியைக் கட்டியது வசுமதியின் இந்தக் கைதான்.

பள்ளிக்கூடத்தில் சேர்த்ததும் இதே கைதான். குப்பத்தில் பால்வாடி மூடிக்கிடந்த வருடம் அது. எல்லம்மாள் விடிவதற்குள் மீன் கூடையோடு பஸ் ஏறிவிடுவாள். பிள்ளை மத்தியானம் வரை பச்சைத் தண்ணீரோடு கிடக்கும். பள்ளிக்கூடத்தில் சேர்த்தால் சோறு போடுவார்கள், ஆனால் ஐந்து முடிந்திருக்க வேண்டும். அவனுக்கு நான்குதான். தாமோதரன் வாத்தியாரிடம் வசுமதி ஒரு வருடம் கூட்டிச் சொன்னாள். தேதி கேட்டதற்கு மே பத்து என்று வாயில் வந்ததைச் சொன்னாள். வாத்தியார் பையனைத் தலைக்கு மேலாகக் கையைக் கொண்டுபோய் மறுபக்கக் காதைத் தொடச் சொன்னார். எட்டவில்லை. தேவா கொஞ்சம் யோசித்துவிட்டு, தலையைக் கையின் பக்கம் சாய்த்துக் காதைத் தொட்டுவிட்டான். வாத்தியார் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார். அவருக்கும் தெரிந்துதான் இருக்கும். நல்ல மனிதர். போன வருடம் காலமாகிவிட்டார்.

அன்று மத்தியானம் தேவா முட்டையை முதலில் தின்னாமல், தட்டின் ஓரத்தில் வைத்துக் கடைசி வரை பார்த்துக்கொண்டே சாப்பிட்டதை வசுமதி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அந்த ஒரு பொய்க்காகக் கடவுளிடம் அவள் மன்னிப்புக் கேட்டதே இல்லை. இத்தனை நாள் அது புண்ணியக் கணக்கில் இருக்கிறது என்றே நினைத்திருந்தாள்.

மூன்று நாள் கெங்கையம்மன் கோயிலுக்குப் போய் வெறுமனே உட்கார்ந்துவிட்டு வந்தாள். நான்காம் நாள் டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். எல்லம்மாளின் கூரை ஒழுகும் என்பதால் அவளுடைய காகிதங்களும் இதில்தான் இருந்தன. சுவேதாவின் தடுப்பூசி அட்டைக்கு அடியில் தேவாவின் அட்டை. நர்ஸம்மாவின் கையெழுத்தில் பிறந்த நாளும் வருடமும் இருந்தன.

"இன்னா தேடினுகீற?" என்றார் ஜம்புலிங்கம்.

"தேவாவுக்கு ஊசி போட்ட அட்ட."

அவர் கட்டுப்போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டார். பிறகு, "அடுப்புல போட்டா எவனுக்குத் தெரியப் போவுது?" என்றார்.

"எனக்குத் தெரியுமே."

"அப்ப எங்கை?"

வசுமதி அவர் அருகில் போய் உட்கார்ந்தாள். "ஒங்கைய நெனச்சி நான் அழுவாத நாள் இல்லய்யா. அவன் பண்ணது தப்பு. இல்லன்னு சொல்லல. அந்த வயசுக்கு இன்னா தண்டன கீதோ, அத அனுபவிக்கட்டும். சோத்துக்குன்னு நான் சேத்து வெச்ச ஒரு வருஷத்துக்கும் அவன் ஏன் அனுபவிக்கணும்?"

ஜம்புலிங்கம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வசுமதி சியாமளாவுக்குப் போன் செய்தாள். விசாரணை நாளன்று அவள் புடவை மாற்றிக்கொண்டிருந்தபோது ஜம்புலிங்கம் முகத்தைத் திருப்பாமலே, "ஏழரை பஸ்ஸ வுட்டுட்டா அப்பறம் ஒம்பதுக்குத்தான். கெளம்பு" என்றார். அவள் செருப்பை மாட்டும்போது, "கொடைய எடுத்துக்கினியா?" என்றார். வசுமதிக்குக் கண் நிறைந்துவிட்டது. பஸ் திருக்கழுக்குன்றம் மலையைத் தாண்டும்போது கோபுரத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். வேண்டுதல் எதுவும் இல்லை. அந்தக் குடைக்காகத்தான் கும்பிட்டாள்.

கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் சிரித்தார். "அன்னிக்கு ஒரு வயசக் கூட்டுனீங்க. இன்னிக்குக் கொறைக்கிறீங்க. எதம்மா நம்பறது?"

"கொறைக்கல சார். அன்னிக்கு எடுத்தத திருப்பிக் குடுக்கறேன்."

"அடிபட்டது உங்க வீட்டுக்காரர்தானே?"

"ஆமா சார்."

"அவர் கை இப்ப எப்படிம்மா இருக்கு?" என்று நீதிபதி கேட்டார்.

"கட்டு பிரிச்சாச்சுங்க. தூக்க வரல. என்ஜின் கயித்த இழுக்க முடியல. கடலுக்குப் போவல."

அதுவரை தரையையே பார்த்துக்கொண்டிருந்த தேவா அப்போது ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான். அழவில்லை. அவள் சொன்னதை மனப்பாடம் செய்பவன்போல அவன் உதடு மட்டும் லேசாக அசைந்தது.

வழக்கு சிறார் வாரியத்துக்குப் போனது. இரண்டு வருடம் இல்லத்தில் இருக்க வேண்டும் என்று தீர்ப்பானது. அங்கே தச்சு வேலை கற்றுக்கொள்கிறான் என்று சியாமளா ஒருமுறை போனில் சொன்னாள். வெளியே வந்தவன் குப்பத்துக்கு வரவில்லை. சதுரங்கப்பட்டினத்தில் பைபர் படகுகளுக்கு ஒட்டுப்போடும் கொட்டகையில் இருக்கிறான் என்று யாரோ சொன்னார்கள். ஜம்புலிங்கத்தின் காதிலும் விழுந்தது. தன் படகின் பக்கமே அவர் போவதில்லை. சவுக்குத் தோப்பின் ஓரத்தில் அது சாய்ந்து கிடந்து, அடிப்பக்கம் கையளவுக்கு விரிசல் விட்டிருந்தது.

இந்த வருடம் மாசி மகத்துக்கு நான்கு நாள் முன்பு, விடியற்காலையில் சுள்ளி பொறுக்கப் போன வசுமதி படகைப் பார்த்து நின்றாள். விரிசலைச் சுற்றிப் பழைய பெயின்ட் சுரண்டப்பட்டு, வெள்ளைத் தூள் மணலில் உதிர்ந்திருந்தது. சுற்றிலும் யாரும் இல்லை.

அன்று மாலை ஒரு தூக்கில் சோறும் வஞ்சிரக் குழம்பும் போட்டு, மேலே ஒரு அவித்த முட்டையை வைத்து மூடி, படகின் பலகைமேல் வைத்துவிட்டு வந்தாள். மறுநாள் காலையில் தூக்கு கழுவிக் கவிழ்த்திருந்தது. விரிசலின் மேல் முதல் ஒட்டு காய்ந்துகொண்டிருந்தது. அடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாள் ஒட்டு தேய்க்கப்பட்டு வழவழவென்று இருந்தது. ஒரு நாளும் அவள் ஒளிந்து நின்று பார்க்கவில்லை. வீட்டில் சொல்லவும் இல்லை.

மாசி மகத்தன்று இருவரும் கடலில் பால் ஊற்றிவிட்டுத் தோப்பு வழியாகத் திரும்பினார்கள். ஜம்புலிங்கத்தின் கால் படகருகே நின்றது. வசுமதி பலகையிலிருந்த தூக்கை மட்டும் எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

அவர் இடது உள்ளங்கையால் ஒட்டுப்போட்ட இடத்தை மெல்லத் தடவிப் பார்த்தார். படகின் மூக்கில் என்ஜினை இழுக்கும் புதுக் கயிறு ஒன்று சுருட்டித் தொங்கியது. அதன் முனையில் பூவரசங்கட்டையில் இழைத்த கைப்பிடி. கட்டைவிரலுக்குக் குடைந்திருந்த பள்ளம் வழக்கமான பக்கத்தில் இல்லை. ஜம்புலிங்கம் வலது கையை வேட்டியில் செருகிக்கொண்டு, இடது கையால் அதைப் பிடித்தார். விரல் தானாகப் போய்ப் பள்ளத்தில் உட்கார்ந்தது.