கழித்துப் போட்ட எண்

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு ஈயம்மா என்று பட்டப்பெயர். கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி; எந்த எந்திரத்தைக் கண்டாலும் இன்னும் ரெண்டு வரிசை ஈயக்கல் அடுக்கு என்பாள். பெயர் வைத்தவன் வேறு யாருமில்லை, கூடப் பிறந்த தம்பி. அங்கே வேலை வாங்கிக் கொடுத்த அக்காவுக்கு அவன் காட்டிய நன்றி!

புதுச் சோதனை உலை ஒரு குடம் அளவுதான் இருக்கும். குறைந்த சூட்டில் சத்தமே இல்லாமல் ஓடும். அதிலிருந்து மியூவான் என்ற துகள் கிளம்பலாம் என்று எல்லாருக்கும் ஒரு சந்தேகம். பொல்லாத துகள் அது. மற்றக் கதிரை நிறுத்துகிற ஈயச் சுவரெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. போதாததற்கு வானத்திலிருந்தும் அது எந்நேரமும் விழுந்துகொண்டிருக்கும். அதனால் உலையை நிறுத்தி வைத்துவிட்டுக் கருவியில் வரும் எண்ணைக் குறித்துக்கொள்வார்கள். ஓடும்போது வரும் எண்ணிலிருந்து அதைக் கழித்தால் மிச்சம் உலையுடையது. அவளும் கழித்தாள். ஒன்பது மாதமும் மிச்சம் பூஜ்யம். ஈயச் சுவருக்குப் பின்னால் தம்பி உலையைக் கவனிக்க நாற்காலியைப் போட்டுக்கொண்டு ஹாயாக உட்கார்ந்திருந்தான்.

இப்போது அவன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். எலும்புக்குள் ரத்தம் ஊறுவது நின்றுபோயிற்று. இன்னும் சில வாரம்தான், மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எப்படி நடந்தது என்று ஆய்வுக்கூடத்தில் விசாரணை வைத்திருந்தார்கள்.

மனசாவது, தேறுவதாவது! அன்று காலையில் அவள் கருவியைத் தூக்கிக்கொண்டு ஆய்வுக்கூடத் தோட்டத்தின் கடைசியில் இருந்த காலிக் கிடங்குக்குப் போனாள். நிமிஷத்துக்கு நாற்பதுதான் வந்தது. உலை அறையில் வானத்துக் கணக்கு என்று அவள் குறித்து வைத்திருந்தது முந்நூற்றுப்பத்து. மின்சாரத்தை நிறுத்தினால் உலை நின்றுவிடும் என்று நம்பித்தான் அந்த எண்ணை எடுத்தாள். உள்ளே எரிபொருளாகப் போட்டிருந்த பொடி நிற்கவே இல்லை. போட்டாலும் நிறுத்தினாலும் ஒரே மாதிரி வீசிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. கருவியும் புதுசு, எவ்வளவு வந்தால் சரி என்று சொல்ல ஆளில்லை. தம்பி உடம்பில் பாய்ந்ததைத்தான் ஒவ்வொரு நாளும் தன் கையாலேயே கழித்துப் போட்டிருக்கிறாள், பாவி.

மத்தியானம் பார்வையாளர் நேரத்தில் அவன் கட்டிலருகே போய் நின்றாள். அவள் வாயைத் திறப்பதற்குள் அவனே முந்திக்கொண்டான்.

"விசாரணைக்கு எழுதிக் கொடுத்துட்டேன்கா. நான்தான் சொல் பேச்சு கேக்காம சுவரைத் தாண்டிப் போய் உலை மூடியைத் திறந்தேன்னு."

"நீ எங்கடா திறந்தே?"

"திறக்கல."

"அப்புறம் எதுக்குடா பொய்?"

"நிறுத்தின பிறகும் எண்ணு குறையலையேன்னு போன மாசமே எனக்கு உறைச்சுது. அதுக்குள்ள உடம்பு முடியாமப் போச்சு. சொன்னா உன்னை உள்ள தள்ளிடுவாங்க. நானும் போயி, நீயும் ஜெயிலுக்குப் போனா அம்மாவை யாருக்கா பாத்துப்பா?"

எழுதிக் கொடுத்தாயிற்று, அவள் சும்மா இருந்தாலே போதும். வீட்டுக்குப் போய் அம்மாவுக்குச் சோறு போட்டுவிட்டு, நாளைக்கு வழக்கம்போல வேலைக்கு வரலாம். அந்த ஆசை அவளுக்கு வந்தது. வரவில்லை என்று சொன்னால் அது பொய்.

"திங்கட்கிழமை உனக்குப் பதிலா உன் நாற்காலியில நம்ம எலக்ட்ரீஷியன் அண்ணன் உக்காரப் போறார்டா," என்றாள்.

தம்பி கண்ணை மூடிக்கொண்டான். "அது எனக்குத் தெரியாதுக்கா."

அங்கேயே நின்று இயக்குநருக்குப் போன் போட்டாள்.

"உங்க தம்பிதான் ஒத்துக்கிட்டாரேம்மா," என்றார் அவர்.

"அவன் பொய் சொல்றான் சார். தப்பு என்னோடது, எண்ணை நான்தான் தப்பா எடுத்தேன். அந்த அறையைப் பூட்டுங்க. பக்கத்து அறையையும் பூட்டுங்க, யாரையும் விடாதீங்க. எங்க வேணாலும் வந்து கையெழுத்துப் போடறேன்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். ஊசி போட்டபோதெல்லாம் அழாதவன் இப்போது அழுதுகொண்டிருந்தான்.

"உனக்குக் கொடுக்க எங்கிட்ட இது ஒண்ணுதான்கா இருந்துச்சு," என்றான்.