யாரைப் பார்க்கணும்?

அந்த ஆறு மாடிக் கட்டடத்தின் காவலாளிக்கு, குடியிருப்பவர்கள் வைத்த பட்டப்பெயர் "யாரைப் பார்க்கணும்". அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் ஈ காக்கைகூட உள்ளே நுழைய முடியாது. கட்டடத்துச் சொந்தக்காரரே ஒருமுறை வந்து, "யாரையும் பார்க்க வரல, இது என் கட்டடம்" என்றபோது, "அப்போ சொந்தக்காரருக்குச் சொல்லிட்டு வந்தீங்களா?" என்று கேட்டு வெயிலில் நிற்க வைத்த மனிதர் அவர்.

இவ்வளவு கறாரான ஆள் சொந்த வீட்டு வாசலில் கோட்டை விட்டுவிட்டார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மகள் தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு வந்து நின்றபோது, "இனி என் வாசலை மிதிக்காதே" என்று வாயை விட்டார். அவளும் அப்பனுக்குத் தப்பாமல் பிறந்தவள், மிதிக்கவில்லை. மனைவி தினமும் மகளோடு போனில் பேசுவாள். இவர் பக்கத்து அறையில் ரேடியோவைக் குறைத்து வைத்துக்கொண்டு, காது கேளாதவர் மாதிரி உட்கார்ந்திருப்பார்.

"எவ்வளவு நாள்தான் ஒட்டுக் கேப்பீங்க?" என்றாள் மனைவி. "போன்ல புதுசா வந்திருக்கே அந்த ஆப்பு, அதுல அவ போட்டோ எல்லாம் போடுறாளாம். நீங்களும் சேருங்க. பேச வேணாம், பாத்துட்டு வரலாம்."

பேசாமலே பார்த்துவிட்டு வரலாம் என்பது அவருக்குப் பிடித்திருந்தது. மறுநாள் காலை கேட்டுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தபடியே சேர்ந்தார்.

சேர்ந்ததும் அது, "உங்கள் மனதில் என்ன இருக்கிறது?" என்று கேட்டது. முன்பின் தெரியாதவரிடம் கேட்கிற கேள்வியா இது? அவருக்குச் சுருக்கென்றது. "முதலில் நீ யார்?" என்று எழுதினார். நானூறு பேர் அது பிடித்திருக்கிறது என்றார்கள். அடுத்து, "இவர்களை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்" என்று வரிசையாக முகங்களைக் காட்டியது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு முகமாக உற்றுப் பார்த்து, சாட்சிக் கூண்டில் நிற்பவர் மாதிரி "தெரியாது, தெரியாது" என்று சொல்லிக்கொண்டே போனார். மகள் முகம் மட்டும் அதில் இல்லை.

பிறகு நட்புக் கேட்டு ஆட்கள் வந்தார்கள். வாசலில் ஆள் வந்து நின்றால் அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான். "யாரைப் பார்க்கணும்? என்ன விஷயம்? எப்போ திரும்புவீங்க?" பாதிப் பேர் ஓடிப்போனார்கள். ஒரு பல் டாக்டர் யோசித்துப் பார்த்து, "சத்தியமா எதுக்கு வந்தேன்னு தெரியலைங்க" என்று ஒப்புக்கொண்டு திரும்பிப் போனார். உள்ளே விடப்பட்டவர்களோ, "ஐயா, குளிச்சிட்டு வந்துடுறேன்" என்று அனுமதி வாங்கிக்கொண்டுதான் வெளியே போனார்கள். சாயங்காலம் அவர், "பணி முடிந்தது. கேட்டைப் பூட்டப் போகிறேன்" என்று எழுதினால் போதும், மாட்டிக்கொள்வோமோ என்று பயந்து அத்தனை பேரும் அடித்துப் பிடித்துக்கொண்டு வெளியேறினார்கள். "உங்க புண்ணியத்துல என் வீட்டுக்காரர் நேத்து என் முகத்தைப் பாத்தார்" என்று ஒரு அம்மா நன்றி சொல்லியிருந்தார்.

ஊர்ப்பட்ட கூட்டம் வந்தது. வரவேண்டியவள் வரவில்லை. மகள் பெயரைத் தட்டித் தேடினார். அந்தப் பெயரில் யார் யாரோ இருந்தார்கள். அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு மத்தியானம் "சோம்பேறிப் பூனை" என்ற பெயரில் ஒரு கோரிக்கை வந்தது. படத்திலும் கொழுத்த பூனைதான். ஹெல்மெட்டைக் கழற்றாமல் கேட்டில் வந்து நிற்பவர்களை அவருக்கு அறவே பிடிக்காது.

"யாரைப் பார்க்கணும்?" என்று விறைப்பாகக் கேட்டார்.

"எங்க அப்பாவை" என்றது பூனை.

"நீங்க வர்றது அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது. வாசலை மிதிக்காதேன்னு சொல்லியிருக்காரு."

"அப்படின்னா நான் எப்படிம்மா உள்ளே விடுறது? அவரைக் கேட்டுட்டுச் சொல்றேன், நில்லுங்க. எந்த வீடு?" என்று எழுதிவிட்டு, பழக்கதோஷத்தில் இன்டர்காமைக் கையில் எடுத்தார்.

"வீட்டுல இருக்க மாட்டாருப்பா. இந்நேரம் ஸ்டூல்லதான் உக்காந்திருப்பாரு."

இன்டர்காமில் எந்த எண்ணை அழுத்துவது என்று தெரியாமல் விரல் நின்றது. கண் கலங்கி, பூனை இரண்டாகத் தெரிந்தது. இன்டர்காமை வைத்துவிட்டு எழுந்தார். வண்டி எதுவும் வராதபோதும் கட்டடத்தின் பெரிய கேட்டை இரண்டு பக்கமும் அகலத் திறந்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"கேட்டுட்டேன்" என்று எழுதினார். "வரச் சொன்னாரு."