மாதிரிப் படிவத்தில் இருந்தவர்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை என் அக்காவுடையது. போன ஞாயிறு போனில் அவள் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். நான் இந்தப் பக்கம் சத்தம் காட்டாமல் குறிப்பெடுத்துக்கொண்டேன். தம்பி எழுத்தாளனாக வாய்த்தால் அக்காமார் இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

அக்கா சமூக உளவியலாளர். வேலை பார்த்துப் பார்த்தே மனிதர்கள் எப்படி உள்ளுக்குள் வற்றிப்போகிறார்கள் என்பதை இருபது வருடமாக ஆராய்கிறாள்.

'சன்னலுக்கு வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தபோது அவள்

(வேண்டாம். அவள் அறையில் சன்னலே கிடையாது. ஒரு மேசை, மூன்று அலமாரி, கூரைவரை அட்டைப்பெட்டிகள்.)

2

அவள் பெயர் வெளியே தெரிந்தது ஒரு படிவத்தால். பதினெட்டுக் கேள்விகள். 'காலையில் எழும்போதே களைப்பாக இருக்கிறதா?' என்பதுபோல. ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் ஐந்துவரை ஓர் எண்ணை வட்டமிட வேண்டும். மொத்தம் எழுபதைத் தாண்டினால், ஒரு வாரத்துக்குள் யாராவது அந்த ஆளை நேரில் பார்த்துப் பேசியே தீரவேண்டும். இது அக்கா போட்ட விதி. இதில் மட்டும் அவள் யாருக்கும் மசியமாட்டாள்.

எப்படி நிரப்புவது என்று காட்ட, போகிற அலுவலகத்துக்கெல்லாம் ஒரு மாதிரிப் படிவம் கொண்டுபோவாள். ஒவ்வொரு முறையும் காரில் உட்கார்ந்தபடி, கைபோன போக்கில் அவளே புதிதாக வட்டமிட்டது; ஆளின் எண் எழுதும் இடத்தில் மட்டும் எப்போதும் சைபர்.

(இங்கே அவளுக்குக் கொஞ்சம் கர்வம் சேர்த்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. மீட்டிங்கில் எல்லோருக்கும் டீ எடுத்துவரப் போய், தன் முறை வந்ததையே மறக்கிற ஆள் அவள்.)

3

புதிதாகச் சேர்ந்த உதவியாளர் பெட்டிகளைக் கிளறி எல்லாப் படிவங்களையும் கணினியில் ஏற்றினாள். மாதிரிகளையும் சேர்த்து.

"மேடம், ஒருத்தர் மட்டும் உதைக்குது. முப்பத்தோரு ஆபீஸ்லயும் இருக்காரு. நம்பர் சைபர்."

"அது மாதிரிம்மா. நான் சும்மா கிறுக்கினது. தூக்கிப் போடு."

"சும்மா கிறுக்கினா ஏறி இறங்கணும்ல? இது வருஷா வருஷம் ஏறிக்கிட்டே போகுது. கடைசியா எண்பத்திமூணு."

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாளாம்.

"விதிப்படி யாராவது பேசணுமே மேடம். நான் பேசட்டுமா?"

"போம்மா, வேலையப் பாரு."

4

முடிவு அ: அக்கா ஒரு மாதம் லீவு போட்டுக் கடற்கரைக்குப் போகிறாள். (யார் நம்புவார்கள்? அங்கேயும் ஹோட்டல் ஊழியர்களிடம் படிவத்தை நீட்டுவாள்.)

முடிவு ஆ: உதவியாளர் சைபரை அழித்துவிடுகிறாள். சராசரி சரியாகிவிடுகிறது. (கச்சிதமான முடிவுதான். எழுதும்போதே எனக்கு ஆத்திரம் வந்தது.)

முடிவு இ: அக்காவைப் பார்க்க

5

இன்று சனிக்கிழமை. முடிவு இ-க்கு ஏதாவது கிடைக்குமா என்று குறிப்பேட்டைப் புரட்டினேன். அவள் சொன்னது நான்கு பக்கம் இருந்தது. நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "இத நான் எழுதிக்கவாக்கா?"

"எழுதிக்கோடா, எனக்கென்ன" என்று சொல்லியிருக்கிறாள். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இப்போதுதான் போன் செய்தேன்.

"அக்கா, வீட்டுலதானே இருக்க? வரேன்."

"எதுக்குடா? கதைக்கு ஏதாவது குறையுதா?"

"கதைய விடு. நீ எப்படி இருக்க?"

 நான் அதுவரை கேட்டிராத ஒரு குரலில், "சீக்கிரம் வாடா" என்றாள்.

முடிவு இ-யை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அவள் என்னிடம் சொல்லப்போவதை நான் எழுதப்போவதில்லை.