அழகம்மாள் வீட்டுப் பள்ளம்

எனக்கு வாய் நீளம், பொறுமை குட்டை. பூட்டுப் பட்டறையில் இருபது வருஷமாக அரம் பிடிக்கிறவன். ஒரு வேலையைப் பார்த்தால் உடனே முடித்தாக வேண்டும், இல்லாவிட்டால் கை அரிக்கும். அந்த அரிப்புதான் எண்பத்துமூன்றாம் வருஷம் ஐப்பசியில் என் மானத்தை வாங்கியது.

நாங்கள் மூன்று பேர். மிக்கேல்ராஜ் நான், தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்க்கும் சாகுல் ஹமீது, கொத்தனார் உடையப்பன். ஞாயிற்றுக்கிழமை நான் பூசை முடிந்து வந்ததும் திண்டுக்கல்லில் டவுன் பஸ் ஏறிவிடுவோம். ஓடு மாற்றவும் சுவர் பூசவும் வழியில்லாதவர்கள் வீடாகப் பார்த்துச் செய்து கொடுப்போம். கூலி கிடையாது, மத்தியானம் சோறு போட்டால் போதும்.

அன்றைக்குச் சின்னாளபட்டி. அழகம்மாள் என்று ஒரு நெசவுக்காரப் பெண், நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். புருஷன் இறந்து இரண்டு வருஷம். அவர் விட்டுப்போன தறியில் சேலை நெய்துதான் இரண்டு பிள்ளைகளுக்கும் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தாள். மழையில் கூரை ஒழுகி, தறியில் இழுத்துக் கட்டியிருந்த பாவு நூல் முழுக்க நனைந்து வீணாகிவிட்டது. நூல் கொடுக்கிற நெசவாளர் சங்கத்தில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். திங்கட்கிழமை காலையில் ஆள் வந்து பார்ப்பார். கூரை ஒழுகாமல், தறி ஓடுகிற நிலையில் இருந்தால் புதுப் பாவு உண்டு. இல்லையென்றால் அது வேறு வீட்டுக்குப் போய்விடும், தீபாவளி வரைக்கும் அவளுக்கு வேலை இல்லை.

ஓடு விழுந்து தறி உடைந்துவிடக் கூடாதென்று முந்தின நாளே அதைக் கழற்றிப் பக்கத்து வீட்டில் வைத்துவிட்டாள். நாங்கள் போனபோது அறை காலியாக இருந்தது. தரையைக் காட்டி எதையோ சொல்ல வந்தாள். நான் விடுவேனா? "நீ போயிச் சோத்தப் பாரு தங்கச்சி, எல்லாம் நாங்க பாத்துக்கிறோம்" என்று பக்கத்து வீட்டு அடுப்படிக்கு அவளை விரட்டிவிட்டேன்.

உடையப்பன் கூரைமேல் ஏறினார். கீழே சாகுலும் நானும். சுவரோரமாகத் தரையில் ஒரு பெரிய பள்ளம். தண்ணீர் தேங்கி, ஓரமெல்லாம் சரிந்து சேறாகக் கிடந்தது. அந்தம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாமே என்றார் சாகுல். மழையில் தரை உள்வாங்கிக் கிடக்கிறது, இதில் கேட்க என்ன இருக்கிறது, பிள்ளைகள் விழுந்து காலை ஒடித்துக்கொள்ளட்டுமா என்று அவர்மேல் எரிந்து விழுந்தேன். மனுஷன் வாளியை எடுத்தார். தண்ணீரை இறைத்தோம். உடைந்த ஓடு, செங்கல் துண்டு, செம்மண் எல்லாம் கொட்டி, ஏறி நின்று மிதித்து, கட்டையால் இடித்து, மேலே சாணியும் மெழுகிவிட்டேன். அம்புட்டு அழகு! ஒரு மேடு பள்ளம் சொல்ல முடியாது.

மத்தியானம் அழகம்மாள் சோற்றுப் பானையும் கத்தரிக்காய் வெஞ்சனமுமாக வந்தாள். முதலில் மேலே பார்த்தாள். கூரையில் ஒரு பொட்டு வெளிச்சம் தெரியவில்லை. முகம் மலர்ந்துவிட்டது. அப்புறம் தரையைப் பார்த்தாள்.

"குழி எங்கண்ணே?"

"எந்தக் குழி?" என்றேன்.

"தறிக் குழி. அதுக்குள்ள கால விட்டுத்தானண்ணே மிதிக்கட்டைய மிதிக்கணும்."

உடையப்பன் கூரை விளிம்பிலிருந்து வாசல் பக்கமாகத் தலையை நீட்டி, "ஏலே மிக்கேலு, ஏழு மைல் தள்ளிப் பொறந்தவன், குழித்தறி பாத்ததில்லையா நீ?" என்றார். சாகுல் என்னைப் பார்க்கவேயில்லை, சுவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அழகம்மாள் பானையை இறக்கி வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்து, நாளைக்குக் காலையில் ஆள் வந்துவிடுவாரே என்று அழ ஆரம்பித்துவிட்டாள். அந்தக் குழியில் என்னையும் சேர்த்துப் போட்டு மூடியிருக்கலாம் என்று இருந்தது எனக்கு.

சோற்றைத் தொடவில்லை. கடப்பாரையை எடுத்தேன். நான் பெருமையாக இடித்து இறக்கிய ஒவ்வொரு செங்கல் துண்டும் வெளியே வர மாட்டேன் என்று மல்லுக்கு நின்றது. தெருவே வந்து வாசலில் கூடிவிட்டது. டவுனில் கிணற்றையும் இப்படித்தான் மூடுவீர்களா என்று ஒரு பெண் கேட்க, அழுதுகொண்டிருந்த அழகம்மாளே சிரித்துவிட்டாள். நான் குனிந்த தலை நிமிராமல் தோண்டினேன். என் வாழ்நாளில் அப்படி வாயை அடக்கியது அன்றைக்குத்தான்.

பாதி தோண்டியதும் உடையப்பன் எவ்வளவு ஆழம் வேண்டும் என்று கேட்டார். அவளுக்குத் தெரியவில்லை. புருஷன் தன் காலுக்குத் தோண்டிய குழியாம். அவர் நல்ல உயரம், இவள் கட்டை. கால் எட்டாமல், இரண்டு மிதிக்கட்டைமேலும் கட்டைக்கொரு மரத்துண்டைக் கட்டி வைத்து, விளிம்பில் தொங்கிக்கொண்டே இரண்டு வருஷமாக நெய்திருக்கிறாள். சாயங்காலமானால் இடுப்பு விட்டுப்போகும் என்று சாதாரணமாகச் சொன்னாள்.

"பழைய ஆழமே இருக்கட்டும்ணே" என்றாள்.

"அது அவரு காலுக்கு. ஒன் காலுக்கு எவ்வளவுனு அளந்து குடு தங்கச்சி."

ஒரு நூலை அறுத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி, முழங்காலிலிருந்து குதிகால் வரைக்கும் அளந்து, முடிச்சுப் போட்டுக் கொடுத்தாள். சாவி அராவுகிறவனுக்கு அளவைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த நூலைத் தொங்கவிட்டு நாலு மூலையும் பார்த்துப் பார்த்துத் தோண்டினேன். ஓரம் சரியாமல் உடையப்பன் செங்கல் வைத்துக் கட்டினார். பொழுது இறங்குவதற்குள் அக்கம்பக்கத்து நெசவுக்காரர்கள் தறியைப் பூட்டிக் கொடுத்தார்கள்.

அழகம்மாள் மரத்துண்டுகளை அவிழ்த்து ஓரமாக வைத்துவிட்டு, குழி விளிம்பில் உட்கார்ந்து காலை இறக்கினாள். ஒரு மிதி மிதித்தாள். மறு காலால் ஒரு மிதி.

"அண்ணே, ரெண்டு காலும் எட்டுது" என்றாள்.

திங்கட்கிழமை பட்டறைக்கு அரை நாள் மட்டம் போட்டுவிட்டு நானும் போய் நின்றேன். சங்கத்து ஆள் கூரையைப் பார்த்தார், தறியைப் பார்த்தார், புதுப் பாவு கொடுத்துவிட்டுப் போனார். அழகம்மாள் அந்த இரண்டு மரத்துண்டையும் எடுத்து அடுப்பில் வைத்து எனக்கு டீ போட்டாள். டீயில் புகை வாடை அடித்தது. நான் இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.